என் கையால அரைச்சது

தள்ளி உக்காருங்கம்மா. பரவால்ல, அந்தப் பையை என் கால்கிட்ட வையுங்க. பஸ்ஸு குலுக்கினாலும் விழாது, நான் புடிச்சிக்கறேன்.

இது புரோட்டீன் டப்பா தானே? எழுத்தைப் பார்த்துச் சொல்லல, எனக்கு இங்கிலீஷ் வராது. அளவைப் பார்த்துச் சொன்னேன். குழந்தைங்களுக்கு வாங்கற பால் பவுடர் டப்பா இவ்ளோ பெருசு இருக்காது. யாருக்கு, பையனுக்கா? ஜிம்முக்குப் போறானா? சரி, சரி.

வாங்கிக் குடுக்காதீங்கன்னு சொல்ல வரல. உங்க புள்ள, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாது. வித்தவனுக்கும் தெரியாது. நம்ம வீட்டுல பொட்டுக்கடலையை வறுத்து அரைச்சா அதுல இன்னா இருக்குதுன்னு நமக்குத் தெரியும். பொட்டுக்கடலை இருக்குது. அவ்ளோதான்.

நான் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறவம்மா. தனபாக்கியம்னா காட்பாடிக்கு அந்தாண்ட எங்க ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இருவத்தியாறு வருஷம். தினம் இருநூத்தி நாப்பது புள்ளைங்க. ஒரு நாள், ஒரு புள்ளைக்கு, வயித்து வலின்னு வந்ததில்ல. என் கை அப்படி. எனக்குச் சமையல் சொல்லிக் குடுக்க இன்னொருத்தி பொறந்து வரணும்.

எனக்கு ஒரே பொண்ணு, ஹேமாவதி. அவளுக்கு ஆறு வயசுல அவங்க அப்பா மஞ்சக்காமாலையில போயிட்டாரு. அதுக்கப்புறம் நானும் அவளும்தான். ஸ்கூல் விட்டா நேரா சமையல் ரூமுக்கு வந்துடுவா. எட்டாவது படிக்கும்போது ஒரு நாள், அம்பது கிலோ அரிசி மூட்டை, லோடு இறக்கறவன் வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டான். நான் சாதத்தை வடிச்சிக்கினு இருக்கேன். திரும்பிப் பார்த்தா மூட்டை உள்ள இருக்குது. "யாருடி தூக்கினது?"ன்னு கேட்டா, "நான்தான்"ங்கறா. மூச்சு கூட வாங்கல.

அன்னிக்கு ஸ்கூலுக்கு வெயிட் லிஃப்டிங் கோச் ஒருத்தங்க வந்திருந்தாங்க, புள்ளைங்களைப் பொறுக்கி எடுக்கறதுக்கு. விக்டோரியா மேடம். அவங்க அதைப் பார்த்துட்டாங்க. அப்படித்தான் ஆரம்பிச்சது. அரிசி மூட்டையில ஆரம்பிச்சது.

மேடத்தை நான் குறை சொல்லல. நல்லவங்கதான். கல்யாணம் பண்ணிக்கல. புள்ளைங்களே அவங்களுக்கு எல்லாம். என்னை "அக்கா"ன்னுதான் கூப்பிடுவாங்க. ஆனா பாருங்கம்மா, ஒரு புள்ளைக்கு ரெண்டு அம்மா இருந்தா எப்படி இருக்கும்? எதைச் சொன்னாலும் "மேடம் சொன்னாங்க." ஆறு மணிக்கு எழுந்திருன்னா "மேடம் அஞ்சுக்குச் சொன்னாங்க." தலைக்கு எண்ணெய் வைடின்னா "கை வழுக்கும்னு மேடம் சொன்னாங்க." நான் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னது காதுல ஏறாது. மேடம் ஒரு வார்த்தை சொன்னா நோட்டுல எழுதி வெச்சிக்குவா.

முதல்ல நாலு வருஷம் என் மாவுதான் குடிச்சா. கொண்டக்கடலை, பச்சப்பயறு, வேர்க்கடலை, கேழ்வரகு, சம்பா கோதுமை, கொஞ்சம் பாதாம், நாலு ஏலக்கா. ஒவ்வொண்ணையும் தனித்தனியா வறுக்கணும். சேர்த்து வறுத்தா ஒண்ணு கருகும், ஒண்ணு வேகாது. மெஷின்ல முதல் ஈடு நம்ம மாவு அரைக்கக் கூடாது, முன்னாடி அரைச்சவங்க மிளகாத் தூள் ஒட்டிக்கினு இருக்கும். அதெல்லாம் நான் பார்த்துப் பார்த்துப் பண்ணுவேன். அந்த மாவைக் குடிச்சுத்தான் ஜில்லாவுல முதல்ல வந்தா. டப்பாவைக் குடிச்சு இல்ல.

பதினெட்டு வயசுல மாநில அளவுல மெடல் வாங்கினா. பேப்பர்காரன் வந்தான். மேடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல அவ. "உங்க வெற்றிக்கு யாரு காரணம்?"னு கேட்டான். அவ யோசிக்கவே இல்ல. "விக்டோரியா மேடம்தான்"னு சொல்லிட்டா. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருக்கேன்மா. போட்டோ வந்துச்சு பேப்பர்ல. என் தோள்பட்டை மட்டும் வந்துச்சு.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமான்னு நீங்க நெனைப்பீங்க. இல்லதான். நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல.

அந்த மாசம்தான் மேடம் வீட்டுக்கு வந்தாங்க, டப்பாவோட. "அக்கா, இனிமே பெரிய போட்டிங்க. ஊக்க மருந்து இருக்கான்னு சிறுநீர் டெஸ்ட் எடுப்பாங்க. இவ வாய்க்குள்ள போறது எல்லாத்துக்கும் கணக்கு இருக்கணும். உங்க மாவு நல்ல மாவுதான், ஆனா அதுல இவ்ளோ புரோட்டீன், இவ்ளோ மாவுச்சத்துன்னு யாரும் எழுதித் தர முடியாது. இந்த டப்பா டெஸ்ட் பண்ணி வர்றது. இதுல பேட்ச் நம்பர் இருக்கு, பாருங்க. இதே நம்பர்ல இன்னொரு டப்பாவை நான் பிரிக்காம வெச்சிருப்பேன். இருமல் மருந்து கூட என்னைக் கேக்காம குடுக்காதீங்க." அவங்க காசுல வாங்கினதும்மா அது. அதையும் சொல்லணும் இல்ல?

நான் "சரி மேடம்"னேன். ஹேமா என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "அம்மா, உன் மாவுதாம்மா ருசி. போட்டி முடிஞ்சதும் அதைத்தான் குடிப்பேன்"னா. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோவம்.

அவ பிராக்டிஸுக்குப் போன பிறகு அந்த டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை வாயில போட்டுப் பார்த்தேன். சாக்லேட் வாசனை. அதுக்கு அடியில ஒண்ணுமே இல்ல, மாக்கோலப் பொடி மாதிரி நாக்குல ஒட்டுது. இதையா என் புள்ள குடிக்கணும்? கால் டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில கொட்டினேன். மாடு குடிச்சுது, ஒண்ணும் ஆகல. என் மாவை வேட்டித் துணியில ரெண்டு தடவை சலிச்சு, பால் பவுடரும் கோகோ பொடியும் கலந்து, அந்த எடத்தை ரொப்பினேன்.

"அம்மா, இந்த டப்பா கட்டி கட்டியா நிக்குது"ன்னா.

"நல்லாக் குலுக்குடி"ன்னேன்.

குலுக்கிக் குடிச்சா. அப்புறம் கால் டப்பா பாதி ஆச்சு. நான் செஞ்சது தப்பா? சொல்லுங்க. பருப்பு தானேம்மா. பெத்தவ பருப்பு குடுத்தா தப்பா?

சந்தையில வாங்கின பொடி, அது வேற விஷயம். அதுக்கும் வரேன்.

எனக்கு முட்டி வலி. இருவத்தியாறு வருஷம் நின்னுக்கினே சமைச்சா வராதா? குடியாத்தம் சந்தையில ஒரு வைத்தியர் துணி விரிச்சு உக்காந்திருப்பாரு. பின்னாடி பெரிய பெரிய போட்டோ, உடம்பு முறுக்கி நிக்கற ஆம்பளைங்க. எல்லாம் அவர் பொடி சாப்பிட்டவங்களாம். வேரு, பட்டை, விதைன்னு எதிர்லயே வெச்சிருப்பாரு. முட்டிக்குன்னு ஒரு பொட்டலம் வாங்கினேன். பொய் சொல்லலம்மா, மூணாம் நாள் நான் மாடிப்படி ஏறினேன். ஒரு வாரத்துல குழம்பு அண்டாவை ஒத்தையில இறக்கினேன். எவ்ளோ டாக்டருங்க பார்த்தும் போகாத வலி.

அடுத்த சந்தைக்குப் போயி, "என் பொண்ணு பளு தூக்கறா, அவளுக்குக் குடுக்கலாமா?"ன்னு கேட்டேன். கேக்காம குடுக்கல. கேட்டேன். "பொம்பளைப் புள்ளைக்கு ஒண்ணும் பண்ணாதே?"ன்னும் கேட்டேன். "அம்மா, இது வேரும் விதையும். எலும்புல போயி நிக்கும்"னாரு. அவளுக்குன்னு தனியா வேற பொட்டலம் மடிச்சுக் குடுத்தாரு, கொஞ்சம் வெள்ளையா இருந்துச்சு. நானும் அதுல ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் டப்பாவுல போட்டேன். ஒரு டப்பாவுக்கு ரெண்டு ஸ்பூன். தைப் பொங்கலுக்கு முன்னாடி.

மாசி பொறக்கறதுக்குள்ள பாருங்க! தொண்ணூத்தெட்டு கிலோவுல நாலு மாசமா நின்னுக்கினு இருந்த புள்ள, நூறு, நூத்தி ரெண்டு, நூத்தி அஞ்சு. மேடமே வாயைப் பொளந்துட்டாங்க. "அக்கா, வீட்டுல நல்லா தூங்கறாளா? நல்லா ரெஸ்ட் குடுக்கறீங்க போல"ன்னாங்க. நான் சிரிச்சுக்கினேன். அவங்க நோட்டுல இன்னா வேணும்னாலும் எழுதிக்கட்டும். நூத்தி அஞ்சு கிலோவைத் தூக்கினது என் கை. எனக்கு மட்டும் தெரியும். அந்த ரெண்டு மாசம் நான் இருந்த சந்தோஷம் இருக்குதே, என் கல்யாணத்துல கூட அப்படி இருந்ததில்ல.

இன்னா வேணும், தண்ணியா? இருங்க, என்கிட்ட இருக்குது. வேணாமா? சரி.

நடுவுல ஒரு கஷ்டம் வந்துச்சு. அவளுக்கு முகமெல்லாம் பரு. குரல் கட்டிக்கினு ஆம்பளைக் குரல் மாதிரி. தொட்டதுக்கெல்லாம் கோவம், தட்டைத் தூக்கி எறியறா. வயசு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் பார்த்தா, ரெண்டு மாசமா வீட்டுக்குத் தூரம் ஆகல. பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா? துணியைத் துவைக்கறவ நான்.

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அந்த ஹால்ல பசங்களும் பிராக்டிஸ் பண்றானுங்க. அப்பா இல்லாத பொண்ணு. நான் கேட்டேன், "யாருடி அவன்?"னு. அவளுக்குப் புரியல. புரிஞ்சதும் அப்படியே உக்காந்துட்டா. "அம்மா, நான் பார் கம்பியைத் தவிர எதையும் தொட்டதில்லம்மா"ன்னா. நான் நம்பல. கன்னத்துல ரெண்டு போட்டேன். கையைப் புடிச்சு இழுத்துக்கினு லேடி டாக்டர்கிட்ட போனேன். அங்க டெஸ்ட் எடுத்து, ஒண்ணும் இல்லன்னாங்க. "பயிற்சி அதிகமானா இப்படித் தள்ளிப் போகும். ஆனா பருவும் குரலும் எனக்குச் சரியாப் படல. எதாவது மருந்து, மாத்திரை சாப்பிடறியா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இவ "இல்ல"ன்னா. என்னைப் பார்த்தாங்க. மருந்தா குடுத்தேன் நான்? மருந்து குடுக்கல. "இல்லீங்க"ன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸுல என் பக்கத்துல உக்காரல. முன்னாடி போயி நின்னுக்கினே வந்தா.

அதுக்கப்புறம் நேஷனல் போட்டி. வடக்க எங்கயோ, பேரு வாயில வராது. வெள்ளி மெடல். போன்ல அழறா, "அம்மா, ரெண்டாவதும்மா"ன்னு. விளையாட்டுக் கோட்டாவுல வேலை கெடைக்கும்னு மேடம் சொல்லிட்டாங்க. ஊருல பேனர் வெச்சாங்க. அதுல என் போட்டோவும் போட்டாங்கம்மா, இந்தத் தடவை முழு மூஞ்சி.

பேனர் கிழியறதுக்கு முன்னாடி லெட்டர் வந்துடுச்சு. அவ சிறுநீருல ஸ்டீராய்டு இருக்குதாம். நீளமா ஒரு பேரு போட்டிருந்துச்சு. மேடம் அந்தப் பேரைப் படிச்சுட்டுச் சுவத்துல சாஞ்சிக்கினாங்க.

அவங்க ஹேமாவை ஒரு வார்த்தை சந்தேகப்படல, அதைச் சொல்லிடறேன். "டப்பாவுலதான் கோளாறு. அதே நம்பர் டப்பா என்கிட்ட சீலோட இருக்கு, டெஸ்டுக்கு அனுப்பறேன்"னாங்க. அனுப்பினாங்க. மூணு வாரம் ஹேமா சோறு எறங்காம கெடந்தா. ரிசல்ட் வந்துச்சு. டப்பா சுத்தம். ஒண்ணுமே இல்ல அதுல.

"நீ குடிச்ச டப்பா எங்க?"ன்னு கேட்டாங்க. நான் அதைக் கழுவிப் புளி போட்டு வெச்சிருந்தேன். காலி டப்பாவை யாரு தூக்கிப் போடுவாங்க? லெட்டர் வந்த அன்னிக்குத்தான் கழுவினேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

மேடம் என்னைத் தனியா சமையல் ரூமுக்குக் கூட்டிக்கினு போனாங்க. "அக்கா, வேற எதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, லேகியம், எதா இருந்தாலும் சரி. சொல்லிட்டீங்கன்னா, தெரியாம நடந்ததுன்னு எழுதலாம், தடை பாதியாக் குறையும். உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சத்தியமா"ன்னு என் கையைப் புடிச்சிக்கினாங்க.

கதவுகிட்ட ஹேமா நின்னுக்கினு இருந்தா. நாங்க பேசறதைக் கேட்டுக்கினுதான் இருந்திருக்கா. உள்ள வந்து, என் கையை மேடம் கையிலருந்து எடுத்து, அவ தலை மேல வெச்சிக்கினா. "நீ ஒண்ணும் குடுக்கலன்னு என் தலை மேல சொல்லும்மா. மேடம் கேக்கட்டும்"னா.

அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு வேற எதைச் சொல்றது? நீங்களும் ஒரு அம்மாதானே, சொல்லுங்க. "ஒண்ணும் குடுக்கலடி"ன்னேன். கடையில விக்கற மாத்திரை, ஊசி, அதைத்தானே கேக்கறாங்க? அதை நான் குடுக்கலையே. அது பொய்யில்ல.

அப்புறம் டெல்லியில இருந்து விசாரணை, போன்லயே படத்துல பேசறாங்க. தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் கேட்டாரு, "அந்த டப்பா எங்க இருக்கும், யாரு கையில இருக்கும்?"னு. நான், "பாதி நாள் மேடம்கிட்டத்தான் இருக்கும்"னேன். ஹாலுக்குப் பையில போட்டு எடுத்துக்கினு போவாளே, மேடம் அலமாரியில வெப்பாளே. "டப்பா யாரு குடுத்தது?" "மேடம் குடுத்தது." "காசு?" "மேடம் காசு." எதும்மா பொய் இதுல? ஒரு வார்த்தை பொய் இல்ல.

நாலு வருஷம் தடை. வர இருந்த வேலை வரல. மேடத்தை விசாரணை முடியற வரைக்கும் ஹாலுக்கு வரக் கூடாதுன்னுட்டாங்க. மத்த புள்ளைங்களோட அப்பா அம்மாங்க அவங்க புள்ளைங்களை நிறுத்திட்டாங்க. நாங்களா நிறுத்தச் சொன்னோம்?

ஹேமா என்னை நம்பினாம்மா. முழுசா நம்பினா. அம்மா தலை மேல கை வெச்சுச் சொல்லிட்டா, டப்பா நடுவுல மேடம் அலமாரியில இருந்துச்சு, அப்ப வேற யாரு? மேடம் வீட்டுக்குப் போயி வாசல்ல நின்னு கத்தியிருக்கா. "உங்களுக்கு மெடல் வேணும்னா நீங்க போயி தூக்க வேண்டியதுதானே, என் உடம்புதான் கெடைச்சுதா?"ன்னு. தெருவே கேட்டுதாம். மேடம் கதவைச் சாத்திட்டாங்களாம். மறு மாசம் வீட்டைக் காலி பண்ணிக்கினு அவங்க அம்மா ஊருக்குப் போயிட்டாங்க.

அவ வந்து என் மடியில படுத்துக்கினு அழுதா. எத்தினி வருஷம் ஆச்சு என் மடியில படுத்து! நான் தலையைக் கோதி விட்டுக்கினே இருந்தேன். சொல்லக் கூடாது, ஆனா உங்ககிட்ட இன்னா, சொல்றேன். அன்னிக்கு எனக்கு மனசு நெறைவா இருந்துச்சு. என் புள்ள எனக்குத் திரும்பி வந்துட்டா.

அவ்ளோதான் நாலு மாசம். அப்புறம் என் உடம்பு என்னைக் காட்டிக் குடுத்துடுச்சு.

முட்டிப் பொடியை நான் விடல இல்ல? மூஞ்சி கொழுகொழுன்னு ஆயிடுச்சு. "தனபாக்கியம், நல்லா தேறிட்டியே"ன்னு டீச்சருங்க சொன்னாங்க. திடீர்னு சந்தையில அந்த வைத்தியரைக் காணோம். பக்கத்துல வளையல் விக்கறவளைக் கேட்டா, யாரோ போலீஸ்ல சொல்லிட்டாங்க, ஓடிட்டான்னா. பொடி தீர்ந்துடுச்சு. பத்து நாள்ல சமையல் ரூம்ல சாம்பார் கரண்டியோட விழுந்துட்டேன்.

பெரியாஸ்பத்திரியில கண்ணு முழிச்சுப் பார்த்தா ஹேமா பக்கத்துல உக்காந்திருக்கா. டாக்டர் சின்ன வயசுப் பையன், என் மூஞ்சியைப் பார்த்த உடனே கேட்டுட்டான், "எந்தப் பொடி சாப்பிட்டீங்க?"ன்னு. மயக்கத்துல நானும், "சந்தையில வாங்கினது, வேரும் விதையும்"னுட்டேன். "அதுல ஸ்டீராய்டு கலந்து விக்கறாங்கம்மா. வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வந்து விழறாங்க. திடீர்னு நிறுத்தினதால உயிருக்கே ஆபத்து"ன்னான்.

அந்த ஒரு வார்த்தை. ஹேமா என் கையைப் புடிச்சிக்கினு இருந்தா. அந்தக் கையை மெதுவா எடுத்துக்கினா.

டாக்டர் போன பிறகு, "எப்பலருந்து வாங்கற?"ன்னு கேட்டா.

"தைக்கு முன்னாடி."

விரல் விட்டு எண்ணினா. "என் டப்பாவுல போட்டியா?"

"கொஞ்சூண்டுதாண்டி. உன் நல்லதுக்குத்தான்."

கத்துவான்னு பார்த்தேன். கத்தல. எழுந்து போயி நர்ஸைக் கூட்டிக்கினு வந்து, "எங்கம்மாவுக்குக் குளுக்கோஸ் தீர்ந்துடுச்சு"ன்னா. மூணு நாள் ஆஸ்பத்திரியில என்னை விட்டு நகரல. கஞ்சி ஊட்டினா, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலா கூட்டிக்கினு போனா, தலை வாரி விட்டா. ஒரு வார்த்தை பேசல. பேசாம இருக்கறவ கையால கஞ்சி குடிக்கறது எப்படின்னு உங்களுக்குத் தெரியாதும்மா. தெரிய வேணாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைப் பேப்பரைக் கொண்டாந்து என் முன்னாடி வெச்சா. "மேல்முறையீடு பண்ண இன்னும் ஒம்போது நாள் இருக்கு. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடு. எனக்காக இல்லன்னாலும் மேடத்துக்காகப் போடு"ன்னா.

போடலாம். போடக் கூடாதுன்னு இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. சத்துணவு சமையல்காரி சாப்பாட்டுல மருந்து கலந்தான்னு பேப்பர்ல வந்தா இன்னா ஆகும்? அதுல பருப்பு மாவு, பொடின்னு பிரிச்சா எழுதுவான்? இருநூத்தி நாப்பது புள்ளைங்களோட அம்மாங்க ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பாங்க. இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குது. "நாளைக்கு எழுதறேண்டி"ன்னேன். மறு நாளும் அதான் சொன்னேன். பேனா எழுதலன்னேன். தலை சுத்துதுன்னேன். ஒம்போது நாளும் அந்தப் பேப்பர் டி.வி. மேலயே இருந்துச்சு. பத்தாம் நாள் அவ அதை நாலா மடிச்சுப் பையில வெச்சிக்கினு, துணிமணியை எடுத்துக்கினு கெளம்பிட்டா.

ராணிப்பேட்டை பக்கம் செருப்புக் கம்பெனியில சேர்ந்திருக்கா. அங்கயே ஹாஸ்டல். நூத்தி அஞ்சு கிலோ தூக்கின கை, பசை தடவிக்கினு இருக்குது. மாசா மாசம் போறேன். கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சிடறா. போன தடவை வெளிய வந்தா. மெலிஞ்சிட்டா. பரு போயிடுச்சு, குரல்தான் இன்னும் சரியாகல, இனிமே ஆகாதாம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "மேடத்தைப் போயி பார்த்தியா?"

"இன்னும் இல்லடி."

"உன் வாயால அவங்ககிட்ட சொல்லிட்டு வா. அப்புறம் பேசலாம். நான் போயி கால்ல விழுந்துட்டேன். அது போதாது. உன் வாயால சொல்லணும்." திரும்பிப் பார்க்காம உள்ள போயிட்டா.

பெத்தவகிட்ட இப்படி நடந்துக்கலாமாம்மா? எல்லாம் அந்த டப்பாவால வந்தது. அவங்க டப்பாவைக் கொண்டாராம இருந்தா நான் எதுக்கு அதைத் திறக்கப் போறேன்? உங்க பையனுக்கு நான் சொல்ற மாதிரி அரைச்சுக் குடுங்க. கொண்டக்கடலை ஒரு பங்கு, பச்சப்பயறு அரைப் பங்கு... வேணாமா? சரி. ஏன் பையை அந்தாண்ட எடுத்துக்கறீங்க? நான் ஒண்ணும் பண்ணலையே.

இது எந்த ஊரு, கண்ணமங்கலமா? அதுக்குள்ளயா? நீங்க இங்கதான் எறங்கணுமா? இருங்க, காலை நகர்த்திக்கறேன்.

நானா? நானும் இங்கதான். மேடத்தோட அம்மா வீடு இந்த ஊருதான். அதோ அந்த மருந்துக் கடைக்குப் பக்கத்துச் சந்துல போனா மூணாவது வீடு, பச்சைக் கதவு. இங்க ஒரு ஸ்கூல்ல புள்ளைங்களை வரிசையில நிக்க வெக்கற வேலை பார்க்கறாங்களாம். இந்த மாசத்துல இது மூணாவது தடவை வரேன்.

கூட வர்றீங்களா? வேணாம்மா. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம். நீங்க போங்க, உங்க புள்ள காத்துக்கினு இருப்பான். மேடம் இந்நேரம் வீட்டுல இருக்க மாட்டாங்க. இருந்தாலும் அவங்க அம்மா இருப்பாங்க, வயசானவங்க முன்னாடி எதுக்கு? முட்டி வேற புடிச்சிக்கினு இருக்குது. பார்த்து எறங்குங்க. படி உயரம்.

ஏம்பா கண்டக்டரு, ஆரணிக்கு ஒண்ணு குடு.

ஆமா, கண்ணமங்கலத்துக்குத்தான் எடுத்தேன். தூங்கிட்டேன்பா.